விசாரணைக் கைதியின் ஓட்டைப் பறிக்கும் மூன்று சொற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 62-வது பிரிவு, யார் ஓட்டுப் போடலாம் என்று சொல்லும் பிரிவு. அதன் ஐந்தாவது உட்பிரிவு யார் போடக் கூடாது என்று சொல்கிறது. சிறைத் தண்டனையோ தீவாந்தரத் தண்டனையோ பெற்று, 'அல்லது வேறு வகையில்' சிறையில் அடைக்கப்பட்டிருப்பவரும், போலீஸாரின் சட்டப்படியான காவலில் இருப்பவரும் எந்தத் தேர்தலிலும் வாக்களிக்க முடியாது. கடல் கடந்து நாடு கடத்தும் தீவாந்தரத் தண்டனை 1956 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கிடையாது. ஆனாலும் அந்தச் சொல் இந்த வாக்கியத்தில் இன்னும் இருக்கிறது. அதனால் யாருக்கும் கேடில்லை. கேடெல்லாம் 'அல்லது வேறு வகையில்' என்ற மூன்று சொற்களால் வருகிறது.

விசாரணைக் கைதிகள் அத்தனை பேரையும் பிடிப்பது அந்த மூன்று சொற்கள்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கு பேரில் மூவர் மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. இந்த விசாரணைக் கைதிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். சட்டம் எந்தச் சாதியின் பெயரையும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஜாமீன்தாரர் கிடைக்காத வீடு எது, வக்கீல் வைக்க வசதியில்லாத வீடு எது என்று பார்த்தால், ஓட்டு யாரிடமிருந்து போகிறது என்பது தெரிந்துவிடும்.

வசதி உள்ளவர் கதை வேறு. கீழமை நீதிமன்றத்தில் பத்தாண்டு தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்கிறார். தண்டனை நிறுத்திவைக்கப்படுகிறது, ஜாமீனில் வெளியே வருகிறார். அவர் 'அடைக்கப்பட்டிருப்பவர்' இல்லை. ஆகவே வாக்குச்சாவடியில் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்ளலாம். திருட்டு வழக்கில் ரிமாண்ட் ஆகி, ஜாமீன் உத்தரவு கையில் வந்த பிறகும் இரண்டு ஜாமீன்தாரர்களைக் கொண்டுவர முடியாமல் புழல் இரண்டாம் சிறையில் கிடப்பவருக்கு ஓட்டு இல்லை. குற்றவாளி என்று தீர்ப்பானவருக்கு இருக்கும் உரிமை, சட்டத்தின் கண்ணில் நிரபராதியாக நிற்பவருக்கு இல்லை. 62(5) குற்றத்தை அளவுகோலாக வைக்கவில்லை. அன்றைய தேதியில் ஆள் சுவருக்கு உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதைத்தான் வைத்திருக்கிறது.

அரசியல் சாசனத்தின் 326-வது கூறு வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. 18 வயது நிறைந்த குடிமகனை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கி வைக்க அது அனுமதிக்கும் காரணங்கள் சில மட்டுமே: தொகுதியில் வசிக்காமை, மனநிலை பாதிப்பு, குற்றம், தேர்தலில் ஊழல் அல்லது சட்டவிரோதச் செயல். 'குற்றம்' என்ற சொல் இருக்கிறது. 'குற்றச்சாட்டு' என்ற சொல் இல்லை. வாக்குரிமை சட்டம் தரும் உரிமைதான், சட்டம் அதற்கு எல்லை போடலாம் என்று பதில் வரும். 1952-இல் நம் நாமக்கல் தொகுதியிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற பொன்னுசாமி வழக்கின் தீர்ப்பை அதற்கு மேற்கோள் காட்டுவார்கள். சரி, சட்டம் எல்லை போடட்டும். அந்த எல்லையும் 14-வது கூறு சொல்லும் சமத்துவத்துக்குள்தான் நிற்க வேண்டும். தண்டனை பெற்று ஜாமீனில் இருப்பவரை உள்ளே விட்டு, தண்டனையே பெறாதவரை வெளியே தள்ளும் கோடு எந்த நியாயத்தில் போடப்பட்டது என்று கேட்டால், சட்டத்தில் பதில் இல்லை.

இதைவிடக் கூர்மையான முரண்பாடு தமிழ்நாட்டுச் சிறைகளில் நாள்தோறும் நடக்கிறது. 62(5)-க்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தடுப்புக் காவலில், அதாவது இனி குற்றம் செய்துவிடக் கூடும் என்று விசாரணையின்றி அடைத்து வைக்கும் காவலில், இருப்பவருக்கு இந்த உட்பிரிவில் எதுவுமே பொருந்தாது. நம் ஊர் வழக்கில் சொன்னால், 'குண்டாஸ்' போடப்பட்டவருக்கு ஓட்டு உண்டு. 1982-ஆம் ஆண்டின் 14-வது தமிழ்நாடு சட்டப்படி, கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ பிறப்பிக்கும் உத்தரவில் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். பெரும்பாலும் ஏதோ ஒரு வழக்கில் ஏற்கெனவே ரிமாண்டில் இருப்பவருக்குத்தான் அந்த உத்தரவு சிறையிலேயே கொடுக்கப்படுகிறது. முதல் நாள் வரை ஓட்டில்லாதவருக்கு, 'இவர் வெளியே இருந்தால் பொது அமைதி கெடும்' என்று அரசு எழுதிக் கொடுத்த நிமிடம் ஓட்டு வந்துவிடுகிறது. பிறகு அவர் குடும்பம் ஆட்கொணர்வு மனு போடுகிறது. உயர் நீதிமன்றம் காவல் உத்தரவை ரத்து செய்கிறது. அடிப்படை வழக்கில் ஜாமீன் இன்னும் வரவில்லையென்றால் அவர் பழைய ரிமாண்ட் கைதியாகவே உள்ளே இருப்பார். வந்த ஓட்டும் போய்விடும். வழக்கில் ஜெயித்ததற்குப் பலன் வாக்குரிமை இழப்பு. இப்படி ஒரு விளைவை எந்த நாடாளுமன்றமும் தெரிந்தே விரும்பியிருக்காது.

2024 மக்களவைத் தேர்தலில் இது நாடே பார்க்க நடந்தது. தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் அசாமின் திப்ரூகர் சிறையில் இருந்த அம்ரித்பால் சிங் பஞ்சாபின் கடூர் சாகிபில் வென்றார். திகார் சிறையில் யு.ஏ.பி.ஏ. எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் விசாரணைக் கைதியாக இருந்த இன்ஜினியர் ரஷீத் காஷ்மீரின் பாரமுல்லாவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இவர்களுடைய அரசியல் பற்றி நாங்கள் எதுவும் சொல்ல வரவில்லை. முதலாமவர் தடுப்புக் காவலில் இருந்ததால் சட்டப்படி அவருக்குத் தபால் வாக்கு உண்டு. இரண்டாமவருக்கு லட்சக்கணக்கானவர்கள் ஓட்டுப் போடலாம், அவர் ஒரு ஓட்டுக்கூடப் போட முடியாது.

சிறையிலிருப்பவர் போட்டியிடும் உரிமை எப்படிக் காப்பாற்றப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம், 62(5)-இன்படி வாக்களிக்க முடியாதவர் 'வாக்காளர்' ஆகமாட்டார், ஆகவே வேட்பாளராகவும் முடியாது என்றது. அரசியல் கட்சிகள் பதறின. அதே ஆண்டிலேயே சட்டத் திருத்தம் வந்தது, தீர்ப்பு நாளிலிருந்தே முன்தேதியிட்டு அமலானது. வாக்களிக்கத் தடை இருந்தாலும் பட்டியலில் பெயர் உள்ளவர் வாக்காளர் என்ற நிலையை இழக்கமாட்டார் என்று இரண்டாவது விதிவிலக்கு சேர்க்கப்பட்டது. நாடாளுமன்றம் மனம் வைத்தால் இந்த உட்பிரிவைத் திருத்த எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு இதுவே சான்று.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். 1997-இல் அனுகூல் சந்திர பிரதான் வழக்கில் உச்ச நீதிமன்றம் 62(5) செல்லும் என்றது. கைதிகளை ஓட்டுப் போட வைக்க வேண்டுமென்றால் போலீஸ் பாதுகாப்பு, ஆள்பலம், செலவு எல்லாம் கூடும், தேர்தல் நேரத்தில் அதற்கு வழியில்லை என்பது முக்கியமான காரணம். தன் செயலால் சிறைக்குப் போனவர் வெளியே இருப்பவருக்குச் சமமான சுதந்திரம் கேட்க முடியாது, குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தலிலிருந்து தள்ளி வைப்பது நல்லது என்பவை மற்றவை. 2020-இல் டில்லி உயர் நீதிமன்றமும் இதே தீர்ப்பைச் சார்ந்து ஒரு மனுவைத் தள்ளுபடி செய்தது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை மீண்டும் எடுத்து மத்திய அரசுக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் நோட்டீஸ் அனுப்பியது.

'தன் செயலால்' என்ற காரணம் தண்டனைக் கைதிக்குப் பொருந்தலாம். செயல் நிரூபணமாகாதவருக்கு எப்படிப் பொருந்தும்? குற்றப் பின்னணி என்ற காரணமோ, ஜாமீனில் இருப்பவரைச் சட்டம் அனுமதிக்கும்போதே உதிர்ந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது ஆள்பலம், செலவு என்ற காரணம் ஒன்றுதான். கைதியை வேனில் ஏற்றி, காவலோடு அவருடைய ஊர் வாக்குச்சாவடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தால்தான் அது மலையாகத் தெரியும். அப்படிக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை.

சிறைக்குள் வாக்குப்பதிவு இயந்திரம் வைப்பதும் சரிவராது. மதுரை மத்தியச் சிறையில் இருப்பவர்கள் ராமநாதபுரம், விருதுநகர், தேனி என்று பல தொகுதிக்காரர்கள். இயந்திரத்தில் ஒரு தொகுதியின் வேட்பாளர் பட்டியல்தான் இருக்கும். தபால் வாக்கே வழி. அதற்கான விதிகளும் 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் ஏற்கெனவே உள்ளன. 18-வது விதி தடுப்புக் காவலில் இருப்பவருக்குத் தபால் வாக்கு உரிமை தருகிறது. 21-வது விதி நடைமுறையைச் சொல்கிறது. தேர்தல் அறிவிக்கை வெளியான 15 நாட்களுக்குள் அரசு, அவர்களின் பெயர், முகவரி, வாக்காளர் பட்டியல் எண், வைக்கப்பட்டுள்ள இடம் ஆகியவற்றைச் சம்பந்தப்பட்ட தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு தெரிவிக்கத் தவறினாலும், காவலில் இருப்பவரே அதே 15 நாட்களுக்குள் எழுதி அனுப்பலாம். இரண்டில் எது வந்தாலும் அலுவலர் வாக்குச்சீட்டு அனுப்பியே ஆக வேண்டும்.

சீட்டோடு வருபவை: 13ஏ உறுதிமொழிப் படிவம், 13பி உள்ளுறை, 13சி வெளியுறை, 13டி அறிவுரைத் தாள். வாக்கைக் குறித்த வாக்குச்சீட்டை 13பி உறையில் வைத்து ஒட்ட வேண்டும். 13ஏ-வில் வாக்காளர் கையெழுத்திட, சிறைக் கண்காணிப்பாளர் அதைச் சான்றொப்பமிட வேண்டும். ஒட்டிய 13பி உறையையும், அதற்கு வெளியே தனியாக 13ஏ-வையும் 13சி உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். தபால் வாக்குகள் செல்லாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 13ஏ-வைச் சீட்டோடு சேர்த்து உள்ளுறைக்குள் ஒட்டிவிடுகிறார்கள். எண்ணும் நாளில் வெளியுறையைத் திறந்ததும் உறுதிமொழி கண்ணில் படாவிட்டால் உள்ளுறையைத் திறக்கவே மாட்டார்கள், ஓட்டு தள்ளுபடி. 13ஏ-வில் எழுதிய சீட்டு வரிசை எண்ணும் 13பி மேல் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டாலும் தள்ளுபடி. சான்றொப்பம் இல்லையென்றாலும் அப்படியே. எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குப் பிறகு வரும் உறையை யாரும் பிரிக்கமாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த ஒரு பிளாக்கில், 13டி தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு மாதிரி உறையைப் பிரித்து, எது எதற்குள் போகும் என்று பத்து நிமிடம் செய்து காட்ட ஓர் ஆள் வேண்டும். இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர்களை இதற்கு அனுப்பலாம்.

இன்னொரு சிக்கல் நாட்கணக்கு. வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான் சீட்டு அச்சாகும். வாபஸ் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையில் சட்டம் கட்டாயப்படுத்தும் அவகாசம் 14 நாட்கள்தான். சாதாரணத் தபாலில் சீட்டு போய், சான்றொப்பம் வாங்கி, திரும்பி வர அது இழுபறி. ராணுவத்தினருக்கு 2016 முதல் சீட்டு மின்னணு வழியில் போகிறது. படைப்பிரிவு அலுவலகத்தில் பதிவிறக்கி அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். அதே ஏற்பாட்டை மத்தியச் சிறைக் கண்காணிப்பாளருக்குக் கொடுத்தால் போகும் நாட்கள் மிச்சமாகும். திரும்பும் நாட்களுக்கும் வழி இருக்கிறது. தேர்தல் பணியில் உள்ள அரசு ஊழியர்கள் உதவி மையங்களில் போடும் தபால் வாக்குகளைத் தொகுதிவாரியாகப் பிரித்து மாற்றிக்கொள்ளும் நடைமுறை இப்போதே உண்டு. சிறையிலிருந்து வரும் உறைகளையும் அதில் சேர்த்துவிடலாம்.

ஆள்பலம் இல்லை என்ற வாதத்துக்கு இன்னொரு பதிலும் உண்டு. 85 வயது கடந்தவர்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்றவர்கள் 12டி படிவம் கொடுத்தால், அலுவலர்கள் போலீஸ் துணையோடும் வீடியோகிராபரோடும் அவர்கள் வீட்டுக்கே போய் ஓட்டு வாங்கி வருகிறார்கள். மிக நல்ல ஏற்பாடு. ஒரு பாட்டியின் ஓட்டுக்காக மலையேறும் தேர்தல் ஆணையத்தால், காவலும் சுவரும் ஆவணமும் தயாராக உள்ள ஒரே கட்டடத்துக்குள் போக முடியாதா? தென்னாப்பிரிக்காவில் கைதிகளுக்கு ஓட்டு உண்டு என்று அரசியல் சாசன நீதிமன்றம் 1999 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பளித்தது. ஜூன் 2 அன்று அங்கே பொதுத் தேர்தல். இடையில் இரண்டு மாதம்தான். பக்கத்தில் பாகிஸ்தானின் 2017 தேர்தல் சட்டம் சிறையில் இருப்பவருக்குத் தபால் வாக்கு தருகிறது.

சிறை அதிகாரிகளோ உள்ளே செல்வாக்குள்ள கைதிகளோ மிரட்டி ஓட்டு வாங்கிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. அதற்குத் தடுப்பும் சொல்ல வேண்டும். கண்காணிப்பாளர் சான்றொப்பமிடுவது 13ஏ-வுக்கு மட்டும், வாக்கைக் குறித்த சீட்டை அவர் பார்க்கக் கூடாது. பிளாக்கில் கும்பலாக வைத்து நடத்தக் கூடாது. நூலகம் போன்ற தனி அறையில் மறைப்பு வைத்து ஒவ்வொருவராக அழைக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் அலுவலர் ஒருவர் முன்னிலையில் நடக்க வேண்டும். எண்ணும்போது சிறையிலிருந்து வந்த உள்ளுறைகளைத் தனியே வைக்காமல் மற்ற தபால் வாக்குகளோடு கலந்துவிட வேண்டும். அப்போது 'சிறை ஓட்டு யாருக்குப் போனது' என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே நாங்கள் கேட்கும் சட்டத் திருத்தம் சிறியது. 62(5)-இல் உள்ள தடுப்புக் காவல் விதிவிலக்கோடு 'விசாரணை நிலுவையில் சிறையிலோ போலீஸ் காவலிலோ இருப்பவர்' என்பதையும் சேர்க்க வேண்டும். அது நடந்தால், அதே சட்டத்தின் 60-வது பிரிவின்படி அவர்களைத் தபால் வாக்குக்குரிய பிரிவினராக அரசுடன் கலந்து தேர்தல் ஆணையமே அறிவிக்கலாம். அதற்கென்று புதுச் சட்டம் வேண்டாம். தண்டனைக் கைதிகளுக்கும் ஓட்டு வேண்டும் என்பது எங்கள் சொந்தக் கருத்து. ஆனால் அந்த விவாதம் முடியட்டும் என்று விசாரணைக் கைதியைக் காக்க வைப்பது அநியாயம்.

சட்டம் திருத்தப்படும் வரை செய்யக்கூடியவையும் உண்டு. முதலாவது, பெயர் பட்டியலில் நிற்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-வது பிரிவுப்படி, சிறையில் இருப்பதாலேயே ஒருவர் அந்தச் சிறை முகவரியில் வசிப்பவர் ஆகிவிடமாட்டார். தற்காலிகமாக வெளியே இருப்பதால் சொந்த வீட்டின் வசிப்பிடமும் போகாது. ஆனால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து கேட்கும்போது, சிறை என்று சொல்லக் கூச்சப்பட்டு 'வெளியூர் போயிருக்கான்' என்கிறார்கள். 'இடம்பெயர்ந்தவர்' என்று எழுதி முடிந்துவிடுகிறது. 2025 நவம்பர் 4-இல் தொடங்கிய, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலிலிருந்து ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் நீங்கின. சிறையில் உறவினர் உள்ளவர்கள் அவருடைய பெயர் இருக்கிறதா என்று இன்றே பார்க்க வேண்டும். இல்லையென்றால் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுக்க வேண்டும். 2013-இல் சேர்த்த விதிவிலக்கு, பெயரை வைத்திருக்கும் உரிமையைத் தெளிவாகவே தருகிறது.

இரண்டாவது, ஜாமீன். விசாரணைக் கைதிக்கு இன்று ஓட்டுக்கு உள்ள ஒரே பாதை அதுதான். ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-இல் சொல்லியிருக்கிறது. ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகைக்கு உதவும் மத்திய அரசின் திட்டமும் இருக்கிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர், ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய வழக்காகவோ ஒன்றுக்கு மேற்பட்ட வழக்காகவோ இல்லாவிட்டால், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்ததும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 479-வது பிரிவில் விடுதலை கேட்கலாம். மனுவை நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டியது கண்காணிப்பாளரின் கடமை. தேர்தல் அறிவிப்பு வரும் முன்பே ஒவ்வொரு சிறையிலும் இந்த மூன்று பட்டியல்களும் எடுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, தடுப்புக் காவலில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு. அரசு அனுப்பும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை சிறைக்கு மனு பார்க்க, அதாவது அவரை நேரில் சந்திக்க, போகும்போது வாக்காளர் அட்டையின் நகலையும், பாகம் எண், வரிசை எண் எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். 21-வது விதிப்படி ஒரு கடிதத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கி, சிறை நிர்வாகத்தின் வழியாக அனுப்பச் சொல்லுங்கள், அதன் நகலைப் பதிவுத் தபாலில் உங்கள் தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு நீங்களும் அனுப்புங்கள். 15 நாள் கணக்கு அறிவிக்கை வெளியாகும் தேதியில் தொடங்குகிறது.

இப்படிக்கு,
சிறைவாசிகளுக்கான சட்ட உதவிப் பணியில் உள்ள வழக்கறிஞர்கள் சிலர்,
மதுரை.